திரும்பி வரும்போது எடுத்த மருந்து

தேங்காய்த்திட்டு
22 ஜூன் 2024

அன்புள்ள மரீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். முல்லா வீதியில் உன் பிறந்த வீட்டுக்கு வந்தால் உன் தம்பி ஸாகிப் கதவில் சாய்ந்துகொண்டு, "அக்கா தூங்குறாங்க" என்கிறான். காலையில் வந்தாலும் தூங்குகிறாய், சாயங்காலம் வந்தாலும் தூங்குகிறாய். அதனால் உங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் மாலாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ வாங்கமாட்டாய் என்று அவள் சொன்னாள். நல்ல வவ்வால் மீனோடு சேர்த்து நீட்டினால் வாங்குவாய் என்று நான் சொன்னேன்.

விஷயம் இதுதான். நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் எங்கள் கம்பெனி மீன்பிடி போட்டுகளுக்குக் குளிர் அறை செய்வது உனக்குத் தெரியும். முதல் மெஷினை வடிவேல் அண்ணன் போட்டில் மாட்டியிருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டு கிளம்பியாயிற்று. மெஷின் கடலில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க இந்த சீசன் முழுக்க ஒருவன் கூடவே போகவேண்டுமாம். அது என் தலையில் விழுந்தது. நல்லபடியாக முடித்தால் நான் சூப்பர்வைசர். பாதியில் இறங்கினால் எனக்குக் கீழே இருக்கும் ராஜா ஏறிக்கொள்வான்.

உன்னிடம் மறைப்பானேன். முகத்துவாரம் தாண்டியதும் ஆரம்பித்த வாந்தி, திரும்பி வந்து கயிறு கட்டும்வரை நிற்கவில்லை. மெடிக்கலில் கொடுத்த மாத்திரையைப் போட்டால் தூக்கம் அள்ளிக்கொண்டு போகிறது. நான் தூங்கி மெஷின் நின்று மீன் கெட்டால் வடிவேல் அண்ணன் என்னைச் சும்மா விடமாட்டார். போட்டு டிரைவர் முருகையன், நம் மாலாவின் வீட்டுக்காரர்தான், "இதுக்குத் தரையில கால வைக்கிறத தவிர வேற மருந்தே இல்ல மிசியே" என்று சிரிக்கிறார். நான் வெள்ளைக்காரத் துரைபோல ஷூ போட்டுக்கொண்டு ஏறினேனாம், அன்றிலிருந்து அங்கே எனக்கு மிசியே என்று பெயர்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. அம்மாவோடு அந்தமானுக்கு அத்தை வீட்டுக்குப் போகும்போது கப்பலில் நீ என்ன பாடுபட்டாய். ஆனால் திரும்பி வரும்போது உனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதே கப்பல், அதே கடல். நீ டீ குடித்துக்கொண்டு யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அப்படி என்ன மருந்து எடுத்தாய்? அதை மட்டும் எழுது.

செப்டம்பரில் தங்கச்சி லமீஸுக்கு நிக்காஹ். அதற்குள் நீ வீட்டுக்கு வந்துவிடு. மண்டபத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் என்னால் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

உன்
ஆரிப்


முல்லா வீதி
25 ஜூன் 2024

முஹம்மது ஆரிப் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சலாம் சொன்னவர் யாராக இருந்தாலும் பதில் சலாம் சொல்லவேண்டும் என்பதால் சொல்கிறேன். புருஷன் என்று பழையபடி மச்சான் போட்டு எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வாந்தி வந்த இடத்தை மட்டும் இன்னும் ஒரு தடவை படித்தேன். பொய் சொல்வானேன், மார்ச்சில் உங்கள் வீட்டை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உங்களுக்கு ஞாபகம் வந்தது நான் டீ குடித்தது. எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். கல்யாணமாகி இரண்டு மாதம். கப்பலில் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு, முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் கிடந்தேன். நீங்கள் குனிந்தீர்கள். தூக்கி உட்கார வைக்கத்தான் குனிகிறீர்கள் என்று கையை நீட்டினேன். உங்கள் கையில் போன் இருந்தது. "புது மருமகளுக்குக் கடல் புடிக்கலையாம்" என்று எழுதி, நான் கையை நீட்டுவதோடு சேர்த்து அந்த வீடியோவைக் கரை வந்ததும் குடும்ப குரூப்பில் போட்டீர்கள். வந்த சிரிப்புப் பொம்மைகளைப் பிறகு விரல் வலிக்கும்வரை தள்ளிப் பார்த்தேன்.

லமீஸ் அதைத் தன் தோழிக்கு அனுப்பினாள். தோழியின் தங்கை என் ஏழாம் வகுப்பில் படித்தாள். ஒரு நாள் கணக்குப் போட போர்டு பக்கம் திரும்பினேன், முதுகுக்குப் பின்னால் வகுப்பே சேர்ந்து வாந்தி எடுப்பதுபோல் சத்தம் போட்டது. பள்ளிக்கூட வராண்டாவில் நடந்தால் அதே சத்தம். கொஞ்ச நாள் லீவில் இரும்மா என்றார் தலைமை ஆசிரியை. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை, என் இடத்தில் வேறு டீச்சர் வந்துவிட்டார். உங்களிடம் வந்து அழுதபோது நீங்கள் சொன்னதையும் எழுதுகிறேன். "விளையாட்டுக்குப் போட்டதுக்கு ஏன் இப்படி மூஞ்ச தூக்கி வச்சிக்கிற?"

சரி, மருந்து கேட்டீர்கள். ஒன்றா இரண்டா, உங்கள் குடும்பம் எனக்குக் கொடுத்த மருந்துகள் அத்தனையும் நினைவில் இருக்கின்றன. முதலில் மாமியின் வைத்தியம். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளில் கனமாகப் பூசுங்கள். பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டுங்கள். எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். கிராம்பை மென்று சாற்றை விழுங்குங்கள். இது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும். எனக்கு அப்படித்தான் செய்தார்கள்.

வவ்வால் நன்றாக இருந்தது. பணத்தை மாலாவிடம் கொடுத்துவிட்டேன்.

மரீஹா


தேங்காய்த்திட்டு
6 ஜூலை 2024

அன்புள்ள மரீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ பதில் எழுதியதே பெரிது. அம்மாவின் வைத்தியத்தை ஒன்றுவிடாமல் செய்தேன். வேர்வையில் பெருங்காயம் கரைந்து இறங்கி, நான் உட்கார்ந்த இடமெல்லாம் சாம்பார் வாசம். போட்டில் இருந்தவர்கள் என் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்றார்கள். பேப்பர் நனைந்து அச்சு மை வயிற்றில் ஒட்டிக்கொண்டது. முருகையன் என் சட்டையைத் தூக்கி, "மிசியே, ராசிபலன் உங்க வயித்துலயே போட்டிருக்கு" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். வாந்தி மட்டும் நிற்கவில்லை.

அந்த வீடியோவைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. நம் குடும்பத்தில் எல்லாரையும் எல்லாரும் கேலி செய்வோம். குடும்பத்துக்கே மூத்தவர் பெரியத்தா, அவர் பல்செட் கழன்று குழம்பில் விழுந்ததைக்கூடப் போட்டோம், அவரே சிரித்தார். லமீஸ் செய்தது தப்புதான், திட்டிவிட்டேன். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். இதற்காக ஒருத்தி வீட்டை விட்டே போவாளா என்று அம்மா கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

நான் கேட்டது போகும்போது எடுத்த மருந்து அல்ல. வரும்போது எடுத்தாயே, அது. ஆடிக் காற்று தொடங்கப் போகிறது, இனிமேல் கடல் இன்னும் மோசமாக ஆடுமாம். ராஜா இரண்டு தடவை துறைமுகத்துக்கு வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனான்.

ஆரிப்


முல்லா வீதி
9 ஜூலை 2024

முஹம்மது ஆரிப் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

அவசரப்படாதீர்கள். வரும்போது எடுத்த மருந்து கடைசியில்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது.

அடுத்தது உங்கள் சொந்த வைத்தியம். கப்பலின் முன்பக்கம் போய் நின்று அலையையே உற்றுப் பார், பழகிவிடும் என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். தண்ணீர் குடிக்காதே, குடித்தால் வரும் என்று பாட்டிலைப் பிடுங்கி வைத்தீர்கள். இரண்டையும் செய்து பாருங்கள். உங்கள் மருந்து உங்களைக் கைவிடாது.

மாமி இன்னொன்றும் சொன்னார்கள். "வெறும் வயிறுதான் பொரட்டும், நெய்ச்சோறு நல்லா அழுத்தி சாப்புட்டாக்கா அடங்கிடும்" என்று ஊட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மாமியார் ஊட்டும்போது மறுத்தால் நன்றாக இருக்காது என்று நீங்கள்தான் கண்ணைக் காட்டினீர்கள். நெய்ச்சோறு செய்து மாலாவிடம் கொடுத்திருக்கிறேன். கறி தாளிச்சாவும் இருக்கிறது. நெய்யைக் குறைக்கவில்லை. முகத்துவாரம் தாண்டுவதற்கு முன்னால் சாப்பிடுங்கள்.

லமீஸ் சின்னப் பெண் என்கிறீர்கள். நிக்காஹ்வுக்குப் பெரியவளாகிவிட்டாள் அல்லவா.

மரீஹா


தேங்காய்த்திட்டு
21 ஜூலை 2024

மரீஹா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

டப்பாவைத் திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்திலும் எனக்காக அடுப்பில் நின்றிருக்கிறாளே என்று நினைத்தேன். முருகையன் ஒரு வாய் கேட்டார், கொடுக்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. காற்று பேய்த்தனமாக அடித்தது. போட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கைலி அவிழ்ந்தது தெரியாது. யா அல்லாஹ், என்னைக் கரையில் போடு, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று அழுதேன், அம்மாவைக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் முருகையன் கையில் போன். நிறுத்தச் சொன்னேன். "மாலாதான் எடுத்தாரச் சொன்னிச்சி, நான் என்னா பண்றது" என்றார்.

மாலாவுக்கு என் வீடியோ எதற்கு? நீ சொல்லித்தான் நடந்திருக்கிறது. நெய்ச்சோறும் அதற்காகத்தான். ஒரு மனுஷனைச் சோறு போட்டுக் கவிழ்ப்பார்களா? சோற்றில் விஷம் வைக்காதது ஒன்றுதான் குறை.

எழுதியதைக் கிழித்துவிட்டு நல்லவிதமாக எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அதைக் குரூப்பில் போட்டுவிடாதே. லமீஸ் மாப்பிள்ளை வீட்டாரையும் அதில் சேர்த்திருக்கிறோம். கம்பெனிக்குத் தெரிந்தால் அடுத்த பயணத்துக்கு ராஜாதான் ஏறுவான். ஊரில் தலை காட்ட முடியாது. நீயும் என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

ஆரிப்


முல்லா வீதி
23 ஜூலை 2024

முஹம்மது ஆரிப் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

ஆமாம், நான்தான் எடுக்கச் சொன்னேன். மாலா கொண்டுவந்து காட்டினாள். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தோம். மாலாவுக்கு மனசு கேட்கவில்லை, பாதியில் எழுந்து போய்விட்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். கைலி அவிழ்ந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இப்படியும் ஒருத்தியா என்று நினைப்பீர்கள். இப்படித்தான்.

"என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் எத்தனை தடவை உங்களிடம் சொல்லியிருப்பேன். என்னிடமிருந்து திருடி எனக்கே அனுப்பியதுபோல் இருந்தது.

குடும்ப குரூப்பிலிருந்து என்னை இன்னும் யாரும் எடுக்கவில்லை. வீடியோ என் போனில் இருக்கிறது. என்ன எழுதிப் போடவேண்டும் என்றுகூட யோசிக்க வேண்டாம், என் வீடியோவுக்கு நீங்கள் எழுதியதையே கொஞ்சம் மாற்றினால் போதும். ஆனால் போடுவேன் என்று நான் சொல்லவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாளைக்கு இருக்கலாம். நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டார் பிரியாணிக்கு உட்கார்ந்திருக்கும்போது இருக்கலாம். போன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எடுத்துப் பாருங்கள்.

வகுப்புக்குள் நுழையும் முன் கதவுக்கு வெளியே நான் நின்றிருக்கிறேன். உள்ளே என்ன சத்தம் வரப்போகிறது என்று காத்துக்கொண்டு. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

மரீஹா


காஜியார் தெரு
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மரீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தத் தடவை துறைமுகத்திலிருந்து அல்ல, நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீ நினைத்தது நடந்தது. கரையில் இருந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் ஒரு தடவை முனகினால் பாய்ந்து எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவன் காலை வணக்கம் அனுப்பியதற்கெல்லாம் கழிவறைக்கு ஓடினேன். போட்டு ஏறினால் நிம்மதியாக இருந்தது, கொஞ்ச தூரம் போனால் டவர் கிடைக்காது. வாந்தி வந்தாலும் பரவாயில்லை என்று கடலிலேயே கிடந்தேன். போட்டு கரைக்குத் திரும்புகிறது என்றால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், நான் மட்டும் டவர் வந்துவிட்டதா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் தாங்கமுடியவில்லை. முருகையனிடம் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கி, நானே குரூப்பில் போட்டுவிட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மரீஹா, யாரும் சிரிக்கவில்லை. அம்மா அழுதுகொண்டே வாய்ஸ் அனுப்பினார்கள். "எம் புள்ள எங்களுக்காகக் கொடல கக்கி சம்பாதிக்குது" என்று. பெரியத்தா எனக்காக துஆ செய்தார். லமீஸ் அழுகிற பொம்மையாகப் போட்டுத் தள்ளினாள். அதோடு விடாமல் எங்கள் மேனேஜர் மகளுக்கும் அனுப்பியிருக்கிறாள், அவள் இவளுக்குத் தோழி. மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார். செத்தேன் என்று போனேன். உடம்பு இவ்வளவு முடியாமலும் மெஷினை விடவில்லையே என்று தோளில் தட்டி, சூப்பர்வைசர் ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டார். ராஜா முகத்தைப் பார்க்கவேண்டுமே.

இப்போதாவது புரிகிறதா? நம் ஆட்கள் நல்லவர்கள். நீதான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டாய். பரவாயில்லை, நீயும் பழி வாங்கிவிட்டாய், நானும் பட்டுவிட்டேன், சமமாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. சீசன் முடியும்வரை நான் போட்டில் போகத்தான் வேண்டும், அதனால் அந்த மருந்தையும் மறக்காமல் சொல்லிவிடு.

உன்
ஆரிப்


முல்லா வீதி
13 ஆகஸ்ட் 2024

முஹம்மது ஆரிப் அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

நீங்கள் வீடியோ போட்ட அன்று நானும் குரூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு சிரிப்புக்காகக் காத்திருந்தேன். ஒரே ஒரு சிரிப்புப் பொம்மை வந்திருந்தால், அது உங்கள் பெரியத்தா தவறிப்போய்த் தொட்டதாக இருந்தாலும், பட்டது போதும் என்று பெட்டியைக் கட்டியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், கட்டுகிற எண்ணத்தில்தான் இருந்தேன். வரவில்லை. நான் எடுத்த வாந்திக்கு என் வேலை போனது, நீங்கள் எடுத்த வாந்திக்கு உங்களுக்குப் பதவி வந்திருக்கிறது. அதே குரூப், அனுப்பியதும் அதே லமீஸ். இதை நீங்களே உட்கார்ந்து எழுதி, நம் ஆட்கள் நல்லவர்கள் என்று கீழே சேர்த்தும் இருக்கிறீர்கள். எழுதும்போதுகூட உங்களுக்கு உறைக்கவில்லை.

உங்களை நான் பழி வாங்கவே இல்லை. வாங்க முடியாது என்று இப்போதுதான் தெரிந்தது. உங்களை எங்கே தள்ளினாலும் தாங்கிப் பிடிக்கப் பத்துப் பேர் கை நீட்டுகிறார்கள்.

என்னைப் பெற்ற அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வீடியோவையும் காட்டினேன். என்னுடையதை. இத்தனை மாதமும் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஒதுங்கியிருந்தவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். ஜமாஅத்தில் மணவிலக்கு கேட்டுச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். உங்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். காரணம் கேட்பார்கள், விளையாட்டுக்குப் போட்டேன் என்று அங்கேயும் சொல்லுங்கள். பெரியவர்கள் எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். முதல் நாளே பிள்ளைகளிடம் நானே சொன்னேன், எனக்குக் கப்பலில் போனால் வாந்தி வரும், கேலி செய்கிறவர்கள் இப்போதே செய்துவிடுங்கள் என்று. ஒரு பெண் எழுந்து, எனக்கு பஸ்ஸிலேயே வரும் மிஸ் என்றாள்.

லமீஸ் நிக்காஹ்வுக்குக் கண்டிப்பாக வருவேன். பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு முன் வரிசையில் உட்காருவேன். யார் கேட்டாலும் ஒன்றையும் மறைக்கமாட்டேன். மாப்பிள்ளையின் அம்மா கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ எடுக்கவேண்டாம். இந்தத் தடவை கதவில் ஸாகிப் நிற்கமாட்டான், அத்தா நிற்பார்.

கடைசியாக, நீங்கள் கேட்ட மருந்து. திரும்பி வரும்போது நான் மாத்திரை போடவில்லை, எலுமிச்சம்பழத்தைத் தொடவில்லை. தலைவலி என்று மாமியிடம் சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போய், சுமலதா என்று ஒரு பெண், அவள் குடும்பத்தோடு உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. ஒரு தடவை குமட்டிக்கொண்டு வந்தது. அவள் தன் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையால் என் முதுகைத் தடவினாள். யாரும் போனை எடுக்கவில்லை. அதன் பிறகு ஊர் வந்து சேரும்வரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை, டீ கூடக் குடித்தேன்.

அப்போது என்னைத் தூரத்திலிருந்து பார்த்ததாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தூரம்தான் மருந்து. இனிமேலும் அதையே எடுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

மரீஹா ஷஹாபுதீன்